மெல்லிய மாவும் நாசரேத்துக் கித்தாரும்



நம் சபையின் குடும்பம் ஒன்று, மறைந்த தங்கள் தாயாரின் நினைவாகப் பாடகர் குழுவுக்கு ஒரு கித்தார் வாங்கும்படி எண்பதாயிரம் ரூபாயைக் காணிக்கையாக ஒப்படைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தாயார் பாட்டுப் புத்தகம் பார்க்காமலே கீர்த்தனைகளை முழுவதும் பாடக்கூடியவர். அவர் நினைவாக வரும் பொருள் எது என்பதில் சபை அக்கறை காட்டுவது நியாயமானதே.

வாலிபர்கள் கேட்டது 'மார்ட்டின்' என்னும் பெயர் பொறித்த கித்தார். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற மாதிரிகளில் ஒன்றான டி-28 அமெரிக்காவிலேயே மூவாயிரம் டாலருக்கு மேல் விற்கிறது. நம் கைக்கு அது எட்டாது. ஆனால் அதே நிறுவனம் 'எக்ஸ்' வரிசை என்ற பெயரில், அந்த விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குச் சில கித்தார்களைத் தருகிறது. இறக்குமதி வரியும் சேர்த்து நம் தொகைக்குள் அடங்கக்கூடியவை அவையே.

சபைக் கமிட்டியில் இதைப் பேசியபோது மூன்று கேள்விகள் எழுந்தன. மூத்தவர் ஒருவர், "கர்த்தருக்கென்று வாங்கும்போது பெரிய பெயரின் மலிவுப் பதிப்பை வாங்குவானேன்?" என்றார். மற்றொருவர், "கொல்கத்தாவில் செய்யும் கித்தார் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறதே, பெயருக்காகவா இவ்வளவு பணம்?" என்றார். வாலிபர்களில் ஒருவன் தயங்கித் தயங்கி, "ஐயா, அந்த விலையில் வருவது உண்மையான மார்ட்டின்தானா?" என்று கேட்டான். மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றையும் வேதத்தின் வெளிச்சத்திலும், கித்தார் என்னும் பொருளின் உள்ளமைப்பை அறிந்தும் ஆராய்ந்து பார்ப்பது இவ்வாரச் சிந்தனை.

விலை குறைந்ததும் பழுதானதும்

மூத்தவரின் கேள்விக்குப் பின்னால் இரண்டு வேதபகுதிகள் இருக்கின்றன. ஒன்று 2 சாமுவேல் 24. அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே கொடுக்க முன்வந்தும், தாவீது ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்தே அவற்றை வாங்குகிறான். செலவில்லாத பலியைச் செலுத்த அவனுக்கு மனமில்லை. மற்றொன்று மல்கியா முதல் அதிகாரம். குருடும் முடமும் நோயுமான மிருகங்களைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைத் தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறார்.

இவ்விரண்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால் விலை உயர்ந்ததே கர்த்தருக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் நாம் மறக்கக்கூடாத மூன்றாவது பகுதி ஒன்று உண்டு. லேவியராகமம் 5-ஆம் அதிகாரம், ஆட்டுக்குட்டி கொண்டுவர இயலாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்கிறது. அதற்கும் இயலாதவன் ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவரலாம். பிள்ளைபெற்ற தாயின் சுத்திகரிப்புக்கும் இதேபோன்ற சலுகை உண்டு. லூக்கா 2-இல் மரியாளும் யோசேப்பும் எருசலேம் தேவாலயத்துக்குப் போனபோது செலுத்தவிருந்தது அந்தப் புறாக்களின் பலிதான், ஆட்டுக்குட்டி அன்று. ஆகவே குறைந்த விலைக் காணிக்கை பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்த சமாதானம் அல்ல. நியாயப்பிரமாணத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

இந்தப் பகுதியைக் கூர்ந்து வாசித்தால் வேறொன்றும் தெரியும். ஏழையின் மாக்காணிக்கையில் எண்ணெய் வார்க்கவேண்டாம், தூபவர்க்கம் போடவேண்டாம் என்று கட்டளை சொல்கிறது. ஆனால் அந்த மா மட்டும் மெல்லிய மாவாக இருக்கவேண்டும். எபிரெயத்தில் 'சோலெத்' எனப்படுவது அது. தேர்ந்தெடுத்துச் சலித்த கோதுமை மா. அளவு குறைந்தது, நறுமணம் நீங்கியது, ஆனால் மாவின் தரத்தில் கைவைக்கவில்லை. மல்கியாவின் கோபமும் இங்கே விளங்குகிறது. அவர் கண்டித்தது விலை குறைந்த மிருகத்தை அல்ல, பழுதான மிருகத்தை. மந்தையில் நல்லதை வைத்துக்கொண்டே கெட்டுப்போனதைக் கொண்டுவந்த மனதை.

எனவே, விலை குறைந்த எந்தப் பொருளைப் பார்த்தாலும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: எதை நீக்கி விலையைக் குறைத்தார்கள்? எதை நீக்க மறுத்தார்கள்? நீக்கியது எண்ணெயும் தூபவர்க்கமுமா, அல்லது மாவேயா?

மார்ட்டின் என்னும் தச்சன் மகன்

இக்கேள்வியை அந்தக் கித்தாரிடமே கேட்பதற்கு முன் அதன் பிறப்பை அறிந்துகொள்வது நல்லது. கிறிஸ்டியான் ஃபிரெடெரிக் மார்ட்டின் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் மார்க்நொய்கிர்ஹென் என்ற ஊரில், மரப்பெட்டிகளும் அலமாரிகளும் செய்யும் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். கித்தார் செய்யும் கலையை வியன்னாவில் ஸ்டௌஃபர் என்ற ஆசானிடம் பயின்றார். ஆனால் சொந்த ஊரின் வயலின் செய்வோர் சங்கம், அலமாரி செய்யும் தச்சர்கள் கித்தார் செய்யக்கூடாது என்று அதிகாரிகளிடம் முறையிட்டது. இசைக்கருவி என்பது கலைஞரின் வேலை, தச்சருக்கு அது கைவராது என்பதே அவர்கள் வாதம். அந்த வழக்கில் வயலின்காரர்கள் வெல்லவில்லை. ஆனாலும் அந்தப் பூசல் நிறைந்த ஊரைவிட்டு மார்ட்டின் 1833-இல் நியூயார்க்கில் குடியேறினார். 1830களின் இறுதியில் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் என்ற சிற்றூருக்குச் சென்று அங்கேயே நிலைத்தார்.

இது நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் அன்று. மொரேவியச் சகோதரர்கள் 1740களில் அமைத்த குடியிருப்பு. அதே மொரேவியச் சகோதரர்கள்தாம் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஊழியம் செய்தவர்கள். வாத்தியங்களை ஆராதனையில் தாராளமாகப் பயன்படுத்திய சபை அது. இன்றும் மார்ட்டினின் உயர்ந்த கித்தார்கள் அந்த நாசரேத்திலிருந்தே வருகின்றன. எக்ஸ் வரிசையோ மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்தில் உள்ள நவஹோவா என்ற நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது.

யோவான் முதல் அதிகாரத்தில் நாத்தான்வேல் நாசரேத்தைப் பற்றி எழுப்பிய ஐயம் உங்களுக்கு நினைவிருக்கும். கித்தார் உலகில் அந்த ஐயம் திசை மாறியிருக்கிறது. நாசரேத்திலிருந்து வந்தால் நல்லது, நவஹோவாவிலிருந்து நல்லது வருமா என்று இன்று கேட்கிறார்கள். தச்சனின் கையால் கித்தார் வருமா என்று ஒரு காலத்தில் கேட்கப்பட்டவரின் பெயரே, இன்று மற்றவரை ஐயுறுவதற்கான அளவுகோலாகிவிட்டது. பிலிப்பு அன்று நாத்தான்வேலோடு வாதாடவில்லை; வந்து பார்க்கும்படி மட்டும் அழைத்தான். நாமும் அப்படியே செய்வோம்.

மரத்தின் கதையும் இதுவே. டி-28 போன்ற கித்தார்களின் பின்பக்கமும் பக்கவாட்டுப் பலகையும் முன்பு பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தால் ஆனவை. அம்மரம் அரிதாகி, ஏற்றுமதிக்குத் தடைகள் வந்தபோது, 1969-இல் மார்ட்டின் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. நாம் தோதகத்தி என்றும் சொல்லும், மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் மரம் அது. அன்று அது மாற்றுப்பொருள், இரண்டாம் தெரிவு. இன்று உயர்தரக் கித்தாரின் அடையாளமே இந்திய ஈட்டிதான். ஒரு தலைமுறையின் 'குறைவு' அடுத்த தலைமுறையின் அளவுகோலாவது புதிதல்ல.

எதை நீக்கினார்கள்?

இப்போது எக்ஸ் வரிசைக்கு வருவோம். இதன் உடல் முழு மரம் அன்று. பிசினில் தோய்த்த காகித அடுக்குகளை வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் ஒன்றாக்கிய தகடு அது. நம் வீட்டுச் சமையல் மேடையிலும் மேசையிலும் ஒட்டும் சன்மைக்காவுக்கு நெருங்கிய உறவு. மேலே தெரியும் மர வரிகள் அச்சிட்ட படம். கழுத்து சில மாதிரிகளில் ஒரே மரத்துண்டாக இல்லாமல் மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்ததாக இருக்கும். விரல் பதிக்கும் பலகை பல மாதிரிகளில் கருங்காலிக்குப் பதிலாகக் காகிதமும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருளால் ஆனது. ஓரங்களில் அழகு வேலைப்பாடு குறைவு; பளபளப்பான மேற்பூச்சு இல்லை.

கேட்டவுடன் சிலருக்கு மனம் சுருங்கும். ஆனால் நீக்கப்படாதவற்றையும் எண்ணிப் பாருங்கள். கம்பிகளின் நீளமும் ஃப்ரெட்டுகளின் இடைவெளியும் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டவை. அவை பிசகினால் எந்தக் கித்தாரும் சுருதியில் நிற்காது. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. முன்பலகையின் உட்புறத்தில் அதைத் தாங்கும் சட்டங்கள், மார்ட்டின் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிலைநிறுத்திய பெருக்கல் குறி வடிவிலேயே அமைந்திருக்கின்றன. கழுத்து வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கோலும் உள்ளே உண்டு.

இவ்வரிசையில் இரு வகை உண்டு என்பதையும் கவனிக்கவேண்டும். சிலவற்றில் முன்பலகையும் அதே அழுத்தத் தகடுதான். வேறு சிலவற்றில் பின்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் தகடு. முன்பலகை உண்மையான ஸ்ப்ரூஸ் மரம். இந்த வேற்றுமையே நம் கேள்விக்குத் திறவுகோல்.

ஏனெனில் கித்தாரின் குரல் பெரும்பாலும் முன்பலகையிலிருந்தே பிறக்கிறது. கம்பியின் அதிர்வு பாலத்தின் வழியாக முன்பலகையை அசைக்கிறது. அந்த அசைவே காற்றை எழுப்புகிறது. ஸ்பெயின் நாட்டில் தச்சராகத் தொடங்கி இன்றைய கித்தாரின் வடிவத்தையே அமைத்த அந்தோனியோ தெ தோரெஸ், 1862-இல் இதை நிரூபிக்க ஒரு கித்தார் செய்தார். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பின்பக்கமும் பக்கவாட்டும் வெறும் காகித அட்டை! அந்தக் கித்தார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் காலத்திலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ரோஜர் பக்னால் என்ற கித்தார் செய்பவர் ஆறு கித்தார்களைச் செய்தார். பின்பக்க, பக்கவாட்டு மரம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவை ஒன்றுபோல் இருந்தன. பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்று ஆறு மரங்கள். மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் செய்வோர் அணியும் கண்ணாடியை அணியச் செய்து, 52 கித்தார்க் கலைஞர்களிடம் அவற்றைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். விலை மிகுந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பில் பெரிய வேற்றுமை இல்லை. கண்கள் மறைக்கப்பட்டபோது பெயர்களும் மறைந்துவிட்டன.

இதைச் சொல்வதால் முழு மரக் கித்தாருக்கும் தகட்டுக் கித்தாருக்கும் வேற்றுமையே இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம். அந்த ஆய்வு பின்பக்க மரங்களை ஒப்பிட்டதே அன்றி, அழுத்தத் தகட்டை ஒப்பிடவில்லை. புதுச்சேரியில் ஒரு கடையில் நம் வாலிபர் இருவரோடு நான் செய்த சிறு சோதனையைச் சொல்கிறேன். அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, முன்பலகையும் தகடாக இருந்த கித்தார் ஒன்றையும், ஸ்ப்ரூஸ் முன்பலகை கொண்ட ஒன்றையும் மாற்றி மாற்றி ஒரே கீர்த்தனைக்கு மீட்டினேன். இருவருமே வேற்றுமையைக் கண்டுகொண்டார்கள். தகட்டு முன்பலகையின் ஒலி தெளிவாக இருந்தும் சீக்கிரம் அடங்கியது; மர முன்பலகையின் ஒலி சற்றுநேரம் நின்று, அறைக்குள் பரவியது. பிறகு இரண்டையும் ஒலிபெருக்கியில் இணைத்து மீட்டினேன். இம்முறை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் ஆலயத்தில் கித்தார் பெரும்பாலும் ஒலிபெருக்கியின் வழியாகவே கேட்கிறது என்பதையும் மறவாதிருப்போம்.

நம் ஊரின் காற்றும் மரமும்

கித்தாரை எங்கே வைக்கப்போகிறோம் என்பதும் மதிப்பீட்டின் ஒரு பகுதி. முழு மரக் கித்தார்களுக்கு ஏற்ற ஈரப்பதம் ஏறத்தாழ 45 முதல் 55 விழுக்காடு என்பார்கள். நம் ஆலயத்தின் கூரை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அக்கினி நட்சத்திரத்தில் உள்ளே அனல். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. இப்போதுள்ள பழைய கித்தாரின் முன்பலகை வீங்கி, பாலம் பெயர்ந்து, கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்கு எழும்பியதும் இப்படிப்பட்ட மழைக்காலங்களில்தான்.

மரம் ஈரத்தை உண்டு வீங்கும். வறட்சியில் சுருங்கி வெடிக்கும். அழுத்தத் தகடோ ஈரத்துக்குப் பெரிதும் அசையாது. குளிரூட்டிய அறையில் பேணப்படும் கித்தாருக்கு இது பெரிய நன்மை இல்லை. கண்டமங்கலத்தில் இது பெரிய நன்மை. ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: மரம் வெடித்தால் ஒட்டலாம், தேய்க்கலாம், பூசலாம், தகடு உடைந்தால் சீர்செய்வது கடினம். மேலும், நல்ல மர முன்பலகை ஆண்டுகள் செல்லச் செல்ல இனிமை கூடும் என்பது வாசிப்போர் பலரின் அனுபவம். தகட்டிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

இதை நம் மண்ணின் உவமையில் சொன்னால் எளிதில் விளங்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் நம் பக்கத்துப் பண்ருட்டியிலிருந்தே போகிறது. ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை; குடமும் தண்டியும் யாளி முகமும் தனித்தனியே செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஏகாந்த வீணையின் விலை அதிகம். நாதமும் உயர்வு என்பார்கள். ஆனாலும் ஒட்டு வீணையும் வீணையே. அதில் பயின்று தேர்ந்தவர்களும் உண்டு. ஒட்டு வீணையை ஒட்டு வீணை என்று சொல்லி விற்கும்வரை அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

படம் பொய்யா?

இவ்விடத்தில் ஒரு நேர்மையான தடை எழலாம். மரமே இல்லாத இடத்தில் மர வரிகளை அச்சிட்டு வைப்பது ஏமாற்று அல்லவா? அப்போஸ்தலர் 5-இல் அனனியாவின் குற்றம் எது என்று எண்ணிப் பாருங்கள். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை. அது அவனுடையதாகவே இருந்தது என்று பேதுருவே சொல்கிறான். ஒரு பங்கை முழுப் பங்கென்று காட்டியதே குற்றம். எக்ஸ் வரிசையின் விவரப் பட்டியலில் உடல் அழுத்தத் தகடு என்றே எழுதியிருக்கிறார்கள். வாங்கும் நாமும் அதை மறைக்கக்கூடாது. "மார்ட்டின் வாங்கினோம்" என்று ஊரெல்லாம் சொல்லி, எந்த மார்ட்டின் என்பதைச் சொல்லாமல் விட்டால், குற்றம் தொழிற்சாலையுடையது அன்று, நம்முடையது. காணிக்கை கொடுத்த குடும்பத்துக்கு, அது எப்படிப்பட்ட பொருள் என்று ஒளிவின்றிச் சொல்லியாயிற்று.

இன்னொரு தடையும் உண்டு. இதற்கு எளிதான விடை என்னிடம் இல்லை. விலை குறைந்ததில் பெரும்பங்கு காகிதத் தகட்டினால். ஆனால் ஒரு பங்கு, மெக்சிகோத் தொழிலாளியின் கூலி அமெரிக்கத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவு என்பதனால். யாக்கோபு தன் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், அறுவடை செய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதைப் பற்றி எழுதுகிறான். கரும்பு வெட்டியும் சவுக்கு வெட்டியும் பிழைக்கும் நம் சபைக்கு அதை விளக்கவேண்டியதில்லை. நவஹோவாவில் நல்ல வேலை கிடைத்ததை அங்குள்ளோர் வரவேற்றிருக்கலாம். அதே வேளையில் நமக்குக் கிடைக்கும் மலிவில் அவர்கள் வியர்வையும் கலந்திருக்கிறது. 'எங்கே செய்தது' என்று இகழ்ச்சியாகக் கேட்பவர்கள் அதைச் செய்த கைகளையும் இகழ்கிறார்கள். நாம் அப்படிச் செய்யவேண்டாம். அந்தக் கித்தாரைக் கையில் எடுக்கும்போது, முகம் அறியாத அந்தத் தொழிலாளருக்காகவும் ஒரு கணம் ஜெபிப்போம்.

மூன்று கேள்விகளுக்கும் விடை

வாலிபன் கேட்டதற்கு முதலில் விடை சொல்கிறேன். தம்பி, அது உண்மையான மார்ட்டின்தான். ஆனால் டி-28 அன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள். அதுவே உண்மை.

உள்ளூர்க் கித்தார் போதாதா என்று கேட்டவருக்கு: நம் நாட்டுக் கித்தார்களில் பயின்றே இந்தத் தலைமுறையின் பெரும்பாலோர் இசை கற்றார்கள், இறையியல் கல்லூரி விடுதியில் நான் கற்றதும் அப்படிப்பட்ட ஒன்றில்தான். அவற்றிலும் நல்லவை உண்டு. கூடுதல் விலைக்கு நாம் எதிர்பார்ப்பது பெயரை அன்று. ஒவ்வொரு கித்தாரிலும் மாறாதிருக்கும் அளவு ஒழுங்கை. அதையும் நம்பி வாங்கவேண்டாம், சோதித்து வாங்குவோம். கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நேரே இலேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் கம்பி இரையாமல் ஒலிக்கவேண்டும். பாலத்துக்கும் முன்பலகைக்கும் இடையில் ஒரு தாளின் ஓரம்கூட நுழையக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும், தலையில் எந்தப் பெயர் இருந்தாலும், அதைக் கடையிலேயே விட்டுவருவோம். மல்கியா சொன்ன பழுது அதுவே.

மூத்தவருக்கு: ஐயா, தாவீது கொடுத்தது களத்துக்கும் மாடுகளுக்கும் உரிய விலை, அவனுக்குச் செலவான விலை. நம் சபைக் குடும்பம் கொடுத்ததும் அப்படியே. அந்தத் தொகைக்குள் நாம் மெல்லிய மாவைத் தேடுவோம். கித்தாரின் மெல்லிய மா அதன் முன்பலகையும் கழுத்தும் சுருதியும். ஆகவே முன்பலகையும் தகடாக உள்ள மாதிரியை விட்டுவிட்டு, ஸ்ப்ரூஸ் முன்பலகையும் தகட்டு உடலும் கொண்ட மாதிரியை வாங்கலாம் என்பது என் பரிந்துரை. குரல் பிறக்கும் இடத்தில் மரம். மழையைத் தாங்கும் இடத்தில் தகடு. ஓரத்து அழகும் பின்பக்கத்து ஈட்டியும் எண்ணெயும் தூபவர்க்கமும் போன்றவை. அவை இருந்தால் மகிழ்ச்சி. இல்லாததால் காணிக்கை குறைவுபடாது.

மீதமாகும் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் உறுதியான பெட்டி ஒன்றும், மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் சீர்செய்யும் செலவும், நம் சிறுவர் நான்கு பேருக்காவது முறையாகக் கற்பிக்கும் ஆசிரியருக்கான ஊதியமும் அடங்கவேண்டும். 1 நாளாகமம் 25, கர்த்தருடைய பாடல்களில் பயின்று தேர்ந்தவர்கள் 288 பேர் என்று கணக்கிடுகிறது. அவர்களுடைய சுரமண்டலங்கள் எந்த மரத்தால் ஆனவை என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. அவர்கள் தேர்ச்சியை மட்டும் சொல்கிறது.

பிரியமானவர்களே, இது கித்தாரைப் பற்றிய காரியம் மட்டும் அன்று. நம் வீடுகளிலும் வசதி குறையும் காலம் வரும். பிள்ளையின் திருமணம், படிப்பு, கட்டவேண்டிய வீடு என்று எல்லாவற்றிலும் எதையாவது குறைக்கவேண்டிவரும். அப்போது பலரும் மாவைக் குறைத்து, தூபவர்க்கத்தைக் காப்பாற்றுகிறோம். பந்தலும் பதாகையும் அப்படியே இருக்கும். பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கும். ஜெப நேரம் குறையும். பண்டிகைப் புடவை குறையாது. வருமானம் சுருங்கும்போது எதை முதலில் நீக்குகிறோம் என்பதிலேயே எதை உயிராக எண்ணுகிறோம் என்பது வெளிப்படுகிறது. நம்மில் யாரும் டி-28 ஆகவேண்டும் என்று கர்த்தர் கேட்பதில்லை. அவர் முன்பலகையைத் தட்டிப் பார்க்கிறார்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் கமிட்டி கூடுகிறது. அதற்குள் உங்கள் எண்ணங்களை என்னிடமோ செயலரிடமோ தெரிவியுங்கள். அந்தக் குடும்பத்தாரும் கூட்டத்தில் இருப்பார்கள்.

ஜெபம்: எங்கள் பிதாவே, எங்களால் இயன்றதை நீர் ஏற்கெனவே அறிந்திருக்கிறீர். இயன்றதற்குள் பழுதற்றதைத் தேர்ந்துகொள்ளும் ஞானத்தையும், கொடுத்ததை உள்ளபடி சொல்லும் நேர்மையையும், அதைச் செய்த கைகளை மதிக்கும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.

உங்கள் அன்புள்ள போதகர்,
கண்டமங்கலம்